கை நனைக்காமல் ஒரு மலைப்பயணம்

எங்கள் குடும்பத்தில் நான்கு பேரும் சேர்ந்து காட்டுக்குப் போனது ஒரே ஒரு முறைதான். அதை எக்ஸ்கர்ஷன் என்று சொன்னவர் அப்பா மட்டும். அம்மாவைக் கேட்டால் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம் என்பாள். என்னைக் கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பதினான்கு வயதில் வந்த கோபம் அது. இப்போது அறுபது தாண்டிவிட்டது, இன்னும் முழுசாக இறங்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. வேலூரில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தபால் ஆபீசில் கடிதம் பிரித்து அடுக்கும் வேலை. நாள் முழுக்க உறைகளில் ஊர்ப் பெயர்களைப் படித்துப் படித்து, எல்லா ஊருக்கும் நேரில் போய்வந்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. அம்மா சம்பிரதாயத்தின் ஆள். எந்தக் கிழமையில் நகம் வெட்டலாம், எந்தத் திசையைப் பார்த்துச் சாப்பிடலாம் என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில் இருந்தது. அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் இருந்தாள். என் கணக்கு நோட்டில் பாதிக் கணக்கு அவள் போட்டது. நான் உடைத்த டம்ளர்களில் பாதியை அவள்தான் உடைத்ததாக அம்மாவிடம் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே பாயில் படுப்போம். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

தூரத்து உறவுக்காரர் ஒருவர் மூலமாக அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஜவ்வாது மலையில் ஃபாரஸ்டர். அப்பா அம்மா இல்லாதவர். மெட்ராஸில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிற அண்ணன் ஒருவர்தான் சொந்தம். அந்த அண்ணனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பெண் பார்த்தார். ஒல்லியான ஆள். காக்கி போட்டே பழகியவர் என்பதால் வெள்ளைச் சட்டை அவர்மேல் இரவல் வாங்கியதுபோல் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே கேசரி சாப்பிட்டார். பெண் பிடித்திருக்கிறது என்று நான்காம் நாள் கார்டு வந்தது. இனி சொல்ல வேண்டியது நாங்கள்.

"வூட்டைப் பார்க்காம பொண்ணக் குடுக்கிற வழக்கம் நம்ம பக்கத்துல இல்ல" என்றாள் அம்மா. மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இல்லையே என்றார் அப்பா. மலைமேல் கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் இருக்கிறதாம், அதுதான் வீடு, அதைப் பார்க்க வேண்டும் என்றாள் அம்மா. இதுவரை சரி. அதற்குப் பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல், "நானும் வர்றேன். பார்த்துட்டுதான் சொல்லுவேன்" என்றாள்.

பெண்ணே மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதை எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்பாதான் வழி கண்டுபிடித்தார். அரைப்பரீட்சை லீவு விட்டிருந்தார்கள். குடும்பத்தோடு காடு பார்க்கப் போகிறோம், போகிற வழியில் குவார்ட்டர்ஸ் இருக்கிறது, எட்டிப் பார்க்கிறோம். ஊருக்கு அப்படிச் சொன்னால் போதும். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் கரடி பார்க்கப் போகிறோம் என்று அவரே சொல்லிவிட்டு வந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மையாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். அந்தக் குவார்ட்டர்ஸ் அக்காவுக்குப் பிடிக்கக் கூடாது. கூரை இல்லாமல் இருக்கட்டும், பாம்பு இருக்கட்டும், தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்க வேண்டியிருக்கட்டும். அவள் முகத்தைச் சுளித்து, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பாயில் படுத்தபடி நான் கேட்டதற்கும் "பார்க்கலாம், தூங்கு" என்றுதான் சொன்னாள்.

புறப்படுவதற்கு முன் அம்மா எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சட்டம் சொன்னாள். சம்பந்தம் முடிவாகிற வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. சாப்பாடு மட்டுமில்லை, காப்பி, பழம், வெறும் தண்ணீர் எதுவும் கூடாது. அங்கே கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்னதாகத்தான் அர்த்தம். அதற்குப் பிறகு இடம் பிடிக்கவில்லை என்று சொன்னால், சாப்பிட்டுவிட்டுப் பேச்சு மாறியவர்கள் என்ற பெயர்தான் மிஞ்சும். இதைச் சொல்லும்போது அவள் கண் முழுக்க என்மேல்தான் இருந்தது. வீட்டில் வாய்க்கு அடிமை நான் ஒருத்திதான்.

அதனால் ஒரு சம்படம் நிறையப் புளிச்சோறு, வறுத்த வேர்க்கடலை, கூஜா நிறையத் தண்ணீர். முதல் பஸ்ஸில் அமிர்திக்குப் போனோம். காட்டின் வாசலில் கூண்டுகள் வைத்து மான், மயில், முள்ளம்பன்றி எல்லாம் வைத்திருந்தார்கள். அப்பா கூண்டுகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கூண்டுல இருக்கறதப் பார்க்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? மேல வாங்க, சும்மா வழியில நிக்கும்" என்றார். நான் மானைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை டிபார்ட்மென்ட் ஜீப்பை அனுப்புகிறேன் என்று கார்டு போட்டிருந்தார். அம்மா வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். அவர்கள் ஜீப்பில் ஏறினால் பாதி சம்மதம் சொன்ன மாதிரியாம். ஆகவே மலைக்குப் போகிற ஷேர் ஜீப்புக்காக ஒரு மரத்தடியில் காத்திருந்தோம். அப்போதுதான் குரங்குகள் வந்தன. ஒன்று முன்னால் வந்து அம்மாவைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இன்னொன்று பின்னாலிருந்து வந்து, கீழே வைத்திருந்த சம்படத்தைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. மூடியைத் திறக்க அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாங்கள் நான்கு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் புளிச்சோறு ஆறேழு குரங்குக் குட்டிகளுக்குப் பந்தியானது. காலிச் சம்படம் மட்டும் கீழே விழுந்தது. அம்மா அதை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"காட்டு மிருகம் பார்க்கணும்னு சொன்னீங்களே, பார்த்தாச்சா?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா ஜீப் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டார்.

ஜீப் வந்தது. உப்பு மூட்டை, மண்ணெண்ணெய் டின், மூன்று மலைக்காரர்கள், அவர்களுக்கு இடையில் நாங்கள். பாதை என்றால் பெயருக்குத்தான் பாதை. கல்லும் பள்ளமுமாக ஏறியது. இரண்டு பக்கமும் மூங்கில் புதர்கள் சாய்ந்து ஜீப்பின் தார்ப்பாயைச் சுரண்டிக்கொண்டே வந்தன. மார்கழிக் குளிரில் பனி இன்னும் விலகவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா கழுத்தை நீட்டி, "இங்கதான் இருக்கும், சத்தம் போடாதீங்க" என்பார். ஜீப் போடுகிற சத்தத்துக்கு ஆந்திராவில் இருக்கும் கரடிகூட எழுந்து ஓடியிருக்கும். அதை நான் வாய்விட்டே சொன்னேன். அக்கா என் தொடையில் கிள்ளிவிட்டுச் சிரிப்பை முழுங்கினாள்.

பாதி மலையில் ஜீப் புகைந்து நின்றது. டிரைவர் இறங்கி பானட்டைத் திறந்தான். பிறகு எங்கள் பக்கம் வந்து, "யக்கா, அந்தக் கூஜாவுல இன்னா, தண்ணியா?" என்று கேட்டான். அம்மா ஆமாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கூஜா அவன் கைக்குப் போய்விட்டது. எங்கள் தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குள் இறங்கியதை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். சாப்பாடு குரங்குக்கு, தண்ணீர் ஜீப்புக்கு. அம்மாவின் சட்டத்துக்குக் காவலாக வந்த இரண்டும் மணி ஒன்பதுக்குள் போய்விட்டன.

ஜீப் ஆறுகிற வரை இறங்கி நடந்தோம். எனக்கு அந்தக் காடு பிடித்திருந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய அணில் ஒன்று, பூனை அளவு இருக்கும், செம்பழுப்பு வால் தொங்க ஒரு கிளையிலிருந்து அடுத்ததற்குப் பாய்ந்தது. எங்கேயோ மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. அப்பா பாதையோரத்தில் ஒரு கறுப்புக் குவியலைக் கண்டுபிடித்து, குந்தி உட்கார்ந்து, குச்சியால் கிளறி, "கரடி போட்டதுதான். பாரு, இலந்தைக் கொட்டை" என்று எங்களைக் கூப்பிட்டார். கரடி வரும் என்று சொன்னவருக்குக் கரடியின் சாணம் கிடைத்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து யாரும் கேலி செய்யவில்லை. அக்கா மட்டும் பக்கத்தில் போய்ப் பொறுமையாகப் பார்த்தாள்.

மலைக்காரர் ஒருவர் நெல்லி மரத்தை உலுக்கிக் கை நிறையக் காய் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தார். அப்பா அம்மாவைப் பார்த்து, "இந்தக் காட்டுக்கு மாப்பிள்ளைதான் காவலு. அப்ப இந்தக் காயைத் தின்னா கை நனைச்ச மாதிரி ஆயிடுமா?" என்றார்.

"நெல்லிக்காய் தின்னா வாய்தான் நனையும்" என்றாள் அம்மா. அவளே இரண்டு தின்றாள்.

குவார்ட்டர்ஸை அடைந்தபோது மணி பதினொன்று. ஓடு போட்ட சின்ன வீடு, முன்னால் இரண்டு சில்வர் ஓக் மரம். என் வேண்டுதல் ஒன்றும் பலிக்கவில்லை. கூரை இருந்தது. சுவரெல்லாம் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், தொட்டால் கையில் ஒட்டியது. மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார். காக்கியில் பார்த்தபோது ஆள் வேறு மாதிரி தெரிந்தார். தரையைப் பார்க்கவில்லை. "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டு, அப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல், வாசல்படியிலிருந்த ஒரு இலையை எடுத்துத் தூரப் போட்டார்.

அம்மா வீட்டை மூலை விடாமல் பார்த்தாள். கதவைத் திறந்து மூடினாள். ஜன்னல் கம்பியை ஆட்டினாள். சமையலறையில் நின்று முகம் மலர்ந்துவிட்டாள். அலுமினியப் பாத்திரங்கள் பளபளவென்று அடுக்கியிருந்தன. அடுப்பில் ஒரு பொட்டுக் கரி இல்லை. "ஆம்பிள தனியா இருக்கிற வூடா இது? என்னா சுத்தம் பாருங்க" என்று அப்பாவின் காதில் சொன்னாள். அவளுக்கு நேர்பின்னால் அக்கா நின்றிருந்தாள். அவள் குனிந்து அடுப்பை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

மாப்பிள்ளை பிஸ்கட் வாங்கி வைத்திருந்தார். டம்ளர்களில் தண்ணீர் ஊற்றித் தட்டில் வைத்து நீட்டினார். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நெல்லிக்காய் தின்றவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். அப்பாவின் கை தானாக நீண்டது, அம்மா இருமியதும் தானாகத் திரும்பியது. "இப்பதான் குடிச்சோம், வேணாம் தம்பி" என்றாள் அம்மா, காலிக் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டே. அந்தத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும்போது அவர் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் நல்லவளாக இருந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் இல்லை.

சீக்கிரமே கிளம்பிவிட்டோம். திரும்புகிற ஜீப் மூன்று மணிக்கு, அதுவும் கீழே இருக்கும் மலைக்கிராமத்திலிருந்துதான். அவர் எங்களோடு பாதித் தூரம் வந்தார். சந்தன மரம் ஒன்றை வெட்டியிருக்கிறார்கள் என்று ஒரு காவலர் ஓடிவந்து சொன்னதால் அவர் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. போகும்போது கையை நீட்டி, "அதோ புளியமரம் தெரியுது பாருங்க, அங்கதான் ஜீப் நிக்கும். தண்ணி கிண்ணி வேணும்னா மரத்துக்குப் பக்கத்து வூட்டுல கேளுங்க, நல்ல ஜனங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கிராமத்து எல்லையிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அந்த ஊருக்குள் யாரும் செருப்பு போடக் கூடாதாம், சாமிக்கு ஆகாதாம். நான்கு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கல் குத்தக் குத்தப் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். பக்கத்தில் மண்சுவரும் புல்கூரையுமாக ஒரு வீடு. முற்றத்தில் ஒரு பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வயதுதான் இருக்கும். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேலூர்ல இருந்து வந்தீங்களா? குந்துங்க" என்றாள். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பு மூன்று முறை உள்ளே போய் வந்தது. பிறகு எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பசியா கீறீங்க. சாமைச் சோறு ஆக்கியாச்சு. துன்னுட்டுதான் போவணும்" என்றாள்.

அம்மா தயங்கினாள். யார் வீடோ என்னவோ. அப்பா அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "இங்க கை நனைச்சா இன்னா? இவங்க மாப்பிள்ளை வூட்டுக்காரங்களா? பசங்க மொகத்தைப் பாரு" என்றார். அம்மாவுக்கும் பசி. அவள் கை கழுவ எழுந்தாள்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி நான் இன்னும் பேசுவேன். ஆவி பறக்கும் சாமைச் சோறு, கொள்ளுக் கடைசல், சுட்ட மிளகாய். அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கும் தேக்கு இலை போட்டாள். இலை மூன்றுதான் இருந்தது போலிருக்கிறது. அக்காவுக்கு மட்டும் உள்ளேயிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டில் நான் பார்த்த ஒரே எவர்சில்வர் அதுதான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தின்றேன். அம்மா முதல் கவளத்தை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா கொள்ளுக் கடைசலைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்.

அக்கா எப்போதும் கோழி கொத்துகிற மாதிரிதான் சாப்பிடுவாள். இன்னொரு கரண்டி வைக்கட்டுமா என்று யார் கேட்டாலும் கையால் தட்டை மறைப்பாள். அன்றைக்கு அவள் பாதி சாப்பிட்ட பிறகு அப்படியே நிறுத்தினாள். விரலால் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல் கிடந்ததோ என்று நினைத்தேன். பிறகு அவள் தலை நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கேட்டாள். அந்தப் பெண் தாராளமாகப் போட்டாள். அதையும் ஒரு பருக்கை விடாமல் தின்றாள். தின்று முடித்ததும் அவளே கிணற்றடிக்கு எடுத்துக்கொண்டு போய்த் தட்டைக் கழுவினாள். விருந்தாளி தட்டுக் கழுவக் கூடாது என்று அந்தப் பெண் பின்னாலேயே ஓடினாள். அக்கா கேட்கவில்லை.

மூன்று மணி ஜீப் மூன்றரைக்கு வந்தது. சாமை மூட்டைகளை ஏற்றினார்கள். நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். அந்தப் பெண் ஜீப்பின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவிடம் நிறைந்த முகத்தோடு சொன்னாள்: "ரொம்ப சந்தோசம்மா. தம்பி வந்ததும் சொல்றேன், பொண்ணு அவரு தட்டுலயே சாப்ட்டுச்சுன்னு."

"எந்தத் தம்பி?" என்றாள் அம்மா.

"நம்ம ஃபாரஸ்டர் தம்பிதான். ரெண்டு வருசமா இங்கதான சோறு, இங்கதான படுக்கை. அந்த கோட்டர்சு மழைக்கு ஒழுகும்மா, யாரு படுப்பாங்க அதுல? இப்ப நீங்க வர்றீங்கன்னு பத்து நாளா ஓடு மாத்தி சுண்ணாம்பு அடிச்சிகினு இருந்துச்சு. பாத்திரம்கூட எங்க வூட்டுக்காரர்தான் செங்கத்துல போய் வாங்கியாந்தாரு."

ஜீப் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா ஆட்டவில்லை. முதல் திருப்பம் தாண்டிய பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"இன்னாங்க, கை நனைச்சிட்டோமேங்க" என்றாள்.

அப்பா முதலில் கொஞ்சம் சிரித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். சமையலறையைச் சுத்தம் என்று மெச்சிக்கொண்டது வேறு அவளை உறுத்தியிருக்க வேண்டும், "சமைச்சாத்தானே கரி இருக்கும்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அங்கே வீடே இல்லை என்று ஆகிவிட்டது. ஒழுகுகிற ஓட்டுக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் காட்டியிருக்கிறான். மலைக்காரர் வீட்டு மூலையில் பாய் போட்டுப் படுக்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதா? வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, கை நனைத்தாகிவிட்டது. வேண்டும் என்றும் மனம் வரவில்லை. இதெல்லாம் அவள் ஜீப் குலுக்கலோடு குலுக்கலாக, விட்டு விட்டுச் சொன்னாள்.

எனக்கோ உள்ளுக்குள் துள்ளல். அவர் பொய்க்குச் சுண்ணாம்பு அடித்தவர் என்று ஆகிவிட்டது. இனி இந்தக் கை நனைத்த சிக்கல் ஒன்றுதான் பாக்கி. அதை அவிழ்க்க எனக்குத் தெரிந்தது.

"நாம தெரியாமத்தானேம்மா சாப்ட்டோம். தெரியாம சாப்ட்டா எப்பிடிம்மா சம்மதம் ஆவும்? விரதத்தன்னிக்குத் தெரியாம எதையாவது வாயில போட்டுட்டா தோஷம் இல்லன்னு நீதானே சொல்லுவ" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வாழ்க்கையில் அவள் என்னை அவ்வளவு மரியாதையோடு பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ஆமா" என்றாள். "அதுவும் சரிதான். நமக்கு யாரும் சொல்லல. தெரிஞ்சு கை நனைச்சாத்தான் கணக்கு." அப்பாவையும் கேட்டாள். அப்பா, ஆமாம், அது நியாயம்தான் என்றார். அம்மாவுக்கு மூச்சு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊருக்குப் போனதும் அந்தத் தூரத்து உறவுக்காரரிடம் எப்படிச் சொல்வது, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூங்கில் புதர்கள் திரும்பவும் தார்ப்பாயை உரசிக்கொண்டு போயின. மாலை வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்திருந்தது.

"எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அது அவரோட தட்டுன்னு. சோறு கொறையக் கொறைய அடியில எழுத்து தெரிஞ்சுது. பேர் வெட்டியிருந்துச்சு, அவரு பேரு. கோட்டர்சுல அடுப்பைப் பார்த்தப்பவே அங்க யாரும் சமைக்கறதில்லன்னு தெரிஞ்சுபோச்சு. இதுதான் அவரு சாப்புடற வூடுன்னு தட்டைப் பார்த்ததும் புரிஞ்சுது." குலுக்கலுக்கு ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம்தான் இன்னொரு வாட்டி போடச் சொன்னேன்."

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டான்.

"பொய் சொல்லி வெச்சிருக்கான்டி" என்றாள் அம்மா, மெதுவாக.

"பத்து நாள் ஓடு மாத்தியிருக்காரும்மா. நாம வந்து பார்த்துட்டு வேணாம்னு சொல்லிடுவோமோன்னு பயந்துகினு சுண்ணாம்பு அடிச்சிருக்காரு. அந்தக்கா அவர் காக்கித் துணிய அவங்க பசங்க துணியோட கொடியில போட்டிருந்தாங்க. வேத்தாள் துணிய அப்பிடிப் போடுவாங்களா?" அவள் குரல் உயரவே இல்லை. பிறகு, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

அக்கா அப்படி வாய்விட்டு எதையும் எங்கள் வீட்டில் சொன்னதில்லை. பிடித்த புடவை எது என்று கேட்டால்கூட அம்மா முகத்தைப் பார்ப்பாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். அம்மா காலிச் சம்படத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதன் மூடியை இறுக்கினாள், ஏற்கெனவே இறுக்கமாக இருந்ததை. ஜாதகப் பேச்சு அதோடு நின்றுபோனது. வைகாசியில் கல்யாணம் நடந்தது.

அந்த ஜீப்பில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெரியாமல் சாப்பிட்டால் கணக்கில்லை என்று நான் கண்டுபிடித்த வழியில் அவளைத் தவிர எல்லோரும் தப்பித்துவிட்டோம். அவள் தெரிந்தே போயிருக்கிறாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொள்ளுக் கடைசலை நக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கரண்டிச் சோற்றில் அவள் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். ஒரே பாயில் படுக்கிறவளிடம் ஒரு கண்ஜாடை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஏனென்றால் நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். இலையோடு எழுந்து கத்தியிருப்பேன்.

அவளுக்கு என் மனசு தெரிந்திருக்கும். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். மடியில் கிடந்த என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கிணற்றுத் தண்ணீரில் தட்டுக் கழுவிய கை இன்னும் சில்லென்றுதான் இருந்தது. நான் உதறிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவள் மறுபடி என் கையைப் பிடிக்கவில்லை. வீடு வந்து சேர்கிற வரை பிடிப்பாள், பிடிப்பாள் என்று அந்தக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.